உறைந்துபோன வகுப்பு: வேக்ரன்ட்-லிப்விர்ட் பிளகின் பற்றி ஹட்டனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் தோட்டப்புற இளைஞர்களுக்கு லினக்ஸ் நிர்வாகம் கற்பிக்கும் ஒரு சிறிய பயிற்சி நிலையம். பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்ட் முறை பற்றிய பாடம் நடந்த ஒரு பிற்பகலில் மாணவர்களின் மெய்நிகர் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறைந்தன. தரவு எதுவும் அழியவில்லை. மாலைக்குள் எல்லாம் மீண்டும் ஓடின. ஆனாலும் அன்று தெரியவந்த காரணம் எங்கள் நிலையத்துக்கு மட்டும் உரியதல்ல. மெய்நிகர் கணினிகளை (சுருக்கமாக விஎம்) ஓட்டும் ஒரு ஹொஸ்ட் கணினியில் பிளகின் (துணை மென்பொருள்) வழியாக விஎம் உருவாக்கும் எந்த இடத்திலும் அது சத்தமில்லாமல் வளரக்கூடியது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒரே ஒரு சேர்வர்

மாணவர்கள் நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். எல்லோரிடமும் போன் இருக்கிறது. லெப்டொப் சிலரிடம்தான், அதிலும் பெரும்பாலும் 4 ஜிகாபைட் ரேம். அதற்குள் இரண்டு விஎம் ஓட்டிப் பழகுவது நடக்காத காரியம். கிளவுட்டில் கணினி எடுக்கலாமே என்று வெளியிலிருந்து பலர் சொன்னார்கள். கிளவுட்டுக்கு டொலரில் கட்ட வேண்டும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் அந்த ஆண்டு மே மாதத்தில் 360ஐத் தொட்டதைப் பார்த்த எந்த நிலையமும் மாதாந்த டொலர்ச் செலவுக்குத் துணியாது. ஆகவே பாவித்த சேர்வர் ஒன்று வாங்கப்பட்டது: 64 ஜிகாபைட் ரேம், விஎம் படிமங்களுக்கென்று தனியாக 480 ஜிகாபைட் எஸ்எஸ்டி. ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருப்பதால் சேர்வர் அறைக்கு ஏசி தேவைப்படவில்லை. சிறிய நிலையத்துக்கு அது பெரிய மிச்சம்.

சேர்வரில் டெபியன் லினக்ஸ், அதன்மேல் விஎம்களை ஓட்டும் கேவிஎம். 2007இல் 2.6.20 பதிப்போடு லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலுக்குள்ளேயே வந்துவிட்ட கேவிஎம்முக்கு லைசன்ஸ் கட்டணம் இல்லை. கேவிஎம்மையும், விஎம்முக்கு வட்டு முதலிய சாதனங்களைப் போலியாகக் காட்டும் கியூஎமுவையும் நிர்வகிப்பது லிப்விர்ட். வகுப்பில் 18 பேர். ஒவ்வொருவருக்கும் சேர்வராக ஒன்றும் கிளையன்டாக ஒன்றும் வேண்டும். ஆளுக்கு இரண்டு, மொத்தம் 36 விஎம். இத்தனையையும் விர்ட்-மனேஜர் என்ற நிரலின் திரையில் கையால் உருவாக்கினால் முதல் வாரம் அதிலேயே கழிந்துவிடும். விஎம்களை ஒரே கட்டளையில் உருவாக்கித் தரும் வேக்ரன்ட் வந்தது அதற்காகத்தான்.

பிளகின் உண்மையில் என்ன செய்கிறது

2010இல் மிச்சல் ஹஷிமோட்டோ வெளியிட்ட வேக்ரன்ட், சொல்லாமல் விட்டால் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற வேறொரு விஎம் மென்பொருளைத் தேடிப் போகும். அதை லிப்விர்ட்டோடு பேச வைப்பதுதான் வேக்ரன்ட்-லிப்விர்ட் பிளகின். எத்தனை விஎம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ரேம், எத்தனை வட்டு, என்ன முகவரி என்பதை ஒரு வேக்ரன்ட்ஃபைலில் எழுதிவிட்டு "வேக்ரன்ட் அப்" கொடுத்தால் வேலை முடிந்தது. தனியாகச் சொல்லாவிட்டால் விஎம் ஒன்றுக்கு 512 மெகாபைட் ரேமும் ஒரு சிபியுவும் கிடைக்கும். பாடத்துக்கு அது போதாது என்பதால் நாங்கள் ஒரு ஜிகாபைட் கொடுத்தோம். நெட்வேர்க்குக்கு 192.168.121 என்று தொடங்கும் நிர்வாக வலையமைப்பொன்றைப் பிளகினே உருவாக்கி, டிஎச்சிபி (தானியங்கி முகவரி வழங்கல்) மூலம் முகவரியும் வாங்கிக் கொடுக்கிறது.

வட்டு விடயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அன்றைய பிரச்சினை முழுவதும் அங்கேதான் இருந்தது.

"பொக்ஸ்" எனப்படுவது தயாரித்து வைத்த ஒரு வட்டுப் படிமம். ஒரு பொக்ஸை முதல்முறை பாவிக்கும்போது பிளகின் அதை லிப்விர்ட்டின் சேமிப்புக் குளத்துக்குள் (வட்டுப் படிமங்கள் இருக்கும் இடம்) ஏற்றுகிறது. இதை மூலப் படிமம் என்று சொல்வோம். அதற்குப் பிறகு உருவாகும் எந்த விஎம்மும் மூலத்தை நகலெடுப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் கியூஎமுவின் கியூகவ்2 கோப்பு வடிவில் ஒரு மெல்லிய மேலடுக்கு உருவாகிறது. வாசிக்க வேண்டியதை மூலத்திலிருந்து வாசிக்கிறது. எழுதுவது மட்டும் மேலடுக்கில் போய்ச் சேர்கிறது. தொடக்கத்தில் மேலடுக்கின் பருமன் சில நூறு கிலோபைட்தான். ஆகவேதான் 36 விஎம் சில நிமிடங்களில் எழுந்து நிற்கின்றன. மிக நல்ல வடிவமைப்பு. ஆனால் இதற்குள் ஒரு கடன் இருக்கிறது. எங்கள் மூலப் படிமத்தின் பெயரளவுப் பருமன் 20 ஜிகாபைட். 36 விஎம் என்றால் 720 ஜிகாபைட் இடம் தருவதாக ஹொஸ்ட் வாக்குக் கொடுத்திருக்கிறது. கையிருப்போ ஃபோர்மட் செய்தபின் 440 ஜிகாபைட்டளவு.

பிளகின் தன் கணக்கை எங்கே வைத்திருக்கிறது என்பது அடுத்த விடயம். வேக்ரன்ட்ஃபைல் இருக்கும் அதே கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் மறைவான ஒரு கோப்புறை உண்டு. இந்தப் பெயருடைய கணினிக்கு லிப்விர்ட்டில் இந்த அடையாள எண் என்று அதற்குள் எழுதப்பட்டிருக்கும். விஎம் பற்றிப் பிளகினுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குறிப்பு மட்டுமே. தோட்டத்தில் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு தொலைந்தால் மலையில் கொழுந்து பறிக்கும் ஆட்கள் இல்லாமல் போய்விடுவதில்லை; அப்படித்தான் இதுவும். குறிப்பு அழிந்தாலும் விஎம் ஹொஸ்டில் அப்படியே இருக்கும். பிளகினுக்கு மட்டும் அது தெரியாது.

அன்று பிற்பகல்

பாடம் ரெய்ட் 1, அதாவது இரண்டு வட்டுகளில் ஒரே தரவை வைத்திருக்கும் முறை. ஒவ்வொரு மாணவரின் சேர்வர் விஎம்மிலும் கூடுதலாக இரண்டு வட்டுகள், தலா 5 ஜிகாபைட். லினக்ஸின் ரெய்ட் கருவியான எம்டிஅட்மினில் இரண்டையும் இணைத்து, ஒன்றைக் கழற்றிப் பார்த்து, திரும்பச் சேர்ப்பது பயிற்சி. எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இணைத்தார்கள்.

சில நிமிடங்களில் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டார்: "சேர், டைப் பண்றது ஒண்ணும் திரையில வர மாட்டேங்குது." பிறகு இன்னொருவர். பிறகு பாதி வகுப்பு. விஎம்முக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்ததாகச் செய்தி இல்லை. பிழை என்றும் எதுவும் வரவில்லை. எழுத்துகள் மட்டும் நின்றுவிட்டன. சிலருடைய விஎம்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தன. இப்படிப் பாதி நின்று பாதி ஓடினால் யாரும் முதலில் நெட்வேர்க் சுவிட்சைத்தான் சந்தேகிப்பார்கள். வகுப்பாசிரியரும் கேபிள்களைக் கழற்றி மாட்டினார். பலனில்லை.

ஹொஸ்டில் நுழைந்து லிப்விர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷ் மூலம் பட்டியலை எடுத்தபோது, உறைந்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இடைநிறுத்தம்" என்ற நிலை. விர்ஷின் டொம்ஸ்டேட் கட்டளையோடு காரணத்தையும் கேட்டால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்றது. டொம்பிளக்எரர் கட்டளைதான் சந்தேகத்தைத் தீர்த்தது: வட்டில் இடமில்லை. படிமங்கள் இருக்கும் பகுதி நூறு வீதம் நிறைந்திருந்தது.

பாதி விஎம்கள் ஏன் ஓடின என்பது இப்போது விளங்கியது. ஹொஸ்டில் இடம் தீர்ந்த பிறகு ஒரு விஎம் புதிதாக இடம் கேட்டு எழுத முயன்றால், கியூஎமு அந்தப் பிழையை உள்ளே இருக்கும் லினக்ஸுக்குச் சொல்லாமல் விஎம்மையே நிறுத்திவைக்கிறது. புதிதாக எழுதாதவை தொடர்ந்து ஓடும். இந்த இயல்புநிலைத் தெரிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பிழை உள்ளே போயிருந்தால் ஃபைல் சிஸ்டம்கள் குழம்பி, மாணவர்கள் வாரக்கணக்கில் செய்த வேலை கெட்டிருக்கும்.

இவ்வளவு தரவு திடீரென்று எங்கிருந்து வந்தது? ரெய்ட் 1ஐ உருவாக்கியவுடன் லினக்ஸ் முதல் வட்டை முழுவதும் வாசித்து இரண்டாவதில் எழுதி இரண்டையும் ஒத்திசைக்கும். முதல் வட்டு வெறுமையாக இருந்தாலும் அப்படித்தான். வெறும் பூச்சியங்களாக இருந்தாலும் எழுதுவது எழுதுவதுதான், மெல்லிய படிமம் அதற்கு உண்மையான இடம் ஒதுக்கிவிடும். ஒரு மாணவருக்கு 5 ஜிகாபைட், 18 பேருக்கு 90.

குளத்துக்குள் யார் இருந்தார்கள்

ஆனால் இதே பாடம் முந்தைய மாணவர் தொகுதிக்கு ஒரு தடங்கலுமில்லாமல் நடந்திருந்தது. அதே சேர்வர், அதே 18 பேர். ஆகவே ரெய்ட் பாடம் தூண்டுகோல்தான், வேர் வேறெங்கோ இருந்தது.

விர்ஷில் பட்டியல் கேட்கும்போது "எல்லாம்" என்று சேர்த்துக் கேட்காவிட்டால் அணையாமல் இருப்பவை மட்டுமே வரும். சேர்த்துக் கேட்டதும் பட்டியல் இரு மடங்கானது. முந்தைய தொகுதியின் 36 விஎம்களும், அணைந்த நிலையில், அவற்றின் ரெய்ட் வட்டுகளோடு அப்படியே இருந்தன. சுமார் 250 ஜிகாபைட். இப்போதைய தொகுதியின் மேலடுக்குகள் 110 ஜிகாபைட்டளவு. மூலப் படிமங்களும் போக மிச்சம் இருந்தது 70 சொச்சம், கேட்கப்பட்டது 90.

அவை ஏன் எஞ்சின? பாடநெறி முடிந்ததும் மாணவர் கணக்குகளையும் வீட்டுக் கோப்புறைகளையும் அழிப்பது நிலையத்தின் வழக்கம். விஎம் வருவதற்கு முன்பிருந்தே உள்ள, அந்தக் காலத்துக்குச் சரியான வழக்கம் அது. வேக்ரன்ட் வந்த பிறகு அதன் பொருள் மாறிவிட்டது. வீட்டுக் கோப்புறையோடு பிளகினின் குறிப்பும் போய்விட்டது. விஎம்மை அழிக்கும் "வேக்ரன்ட் டெஸ்ட்ரோய்" கட்டளை கொடுக்க இனி ஆளும் இல்லை, குறிப்பும் இல்லை. வேக்ரன்ட்டின் பொதுநிலைப் பட்டியலும் இங்கே கைகொடுக்காது. அது அந்தந்தப் பயனருக்குரியது, அதுவும் வீட்டுக் கோப்புறைக்குள்தான் இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். பிளகின், கோப்புறையின் பெயரையும் கணினியின் பெயரையும் சேர்த்து விஎம்முக்குப் பெயர் வைக்கும். இரண்டு பேர் ஒரே பெயரில் கோப்புறை வைத்தால், அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று இரண்டாமவருக்குப் பிழை வரும். அதைத் தவிர்க்கத் தொகுதி எண்ணையும் மாணவர் எண்ணையும் கோப்புறைப் பெயரில் சேர்க்கும்படி வகுப்பில் சொல்லியிருந்தோம். மோதல் நின்றது. அந்த ஒழுங்கு இல்லாதிருந்தால் புதிய தொகுதியின் முதல் நாளிலேயே பழைய விஎம்கள் பெயர் மோதலாகத் தலைகாட்டியிருக்கும்.

இவை தவிர மூன்று பழைய மூலப் படிமங்களும் கிடந்தன. பொக்ஸை நீக்கும் வேக்ரன்ட் கட்டளை, பயனரின் வீட்டுக் கோப்புறையிலிருக்கும் பிரதியை மட்டுமே நீக்கும். லிப்விர்ட் குளத்தில் ஏற்றியது அங்கேயே இருக்கும். விர்ஷ் கொண்டு தனியாக அழிக்க வேண்டும். பிளகினின் ஆவணத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கட்டளை "நீக்கப்பட்டது" என்று சொன்ன பிறகு யாரும் மேலே தேடிப் போவதில்லை.

மீட்ட விதம்

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். அவசரம் இருந்தாலும் அழிக்கும் ஒழுங்கில் அவசரப்பட முடியாது. ஒரு மூலப் படிமத்தைத் தவறாக அழித்தால் அதன்மேல் நிற்கும் எல்லா மேலடுக்குகளும் ஒரே கணத்தில் பயனற்றவை ஆகிவிடும்.

ஆகவே மூலப் படிமங்களில் அப்போது கை வைக்கவில்லை. முந்தைய தொகுதியின் முன்னொட்டுடைய, அணைந்த நிலையிலிருக்கும் விஎம்களை மட்டும் எடுத்து, வரையறையை நீக்கும் விர்ஷ் கட்டளையோடு சேமிப்பையும் சேர்த்து நீக்கும்படி சொன்னோம். அது அந்த விஎம்மோடு இணைந்த வட்டுகளை நீக்கும். அடியிலுள்ள மூலத்தைத் தொடாது. முதல் சிலவற்றிலேயே போதிய இடம் கிடைத்தது. பிறகு இடைநிறுத்தப்பட்டவற்றுக்கு "ரெஸ்யூம்" கொடுத்தோம். கியூஎமு தடைப்பட்ட எழுதும் வேலையை மீண்டும் முயன்றது. ரெய்ட் ஒத்திசைவு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மாணவர்கள் தட்டிவிட்டுக் கைவிட்ட எழுத்துகள் வரிசையாகத் திரையில் வந்து விழுந்தன. உள்ளே கடிகாரம் மட்டும் பின்தங்கியிருந்தது, நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி சேவை அதைச் சரிசெய்தது.

பழைய மூலங்களை வகுப்பு முடிந்த பிறகே பார்த்தோம். ஒவ்வொரு மேலடுக்கும் எந்த மூலத்தைச் சுட்டுகிறது என்பதைக் கியூஎமு-இமேஜ் கருவியின் சங்கிலித் தகவலால் உறுதிசெய்து, எதுவும் சுட்டாதவற்றை மட்டும் அழித்தோம். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் படிமத்தை அந்தக் கருவி பூட்டு காரணமாகத் திறக்க மறுக்கும். பகிர்ந்து வாசிக்கும் தெரிவைக் கொடுத்தால் காட்டும்.

மாற்றியவை

முதன்மையான மாற்றம், பிளகினை யார் இயக்குவது என்பது. முன்பு ஒவ்வொரு மாணவரும் ஹொஸ்டில் தன் கணக்கிலிருந்து இயக்கினார். அதற்காக எல்லோரும் லிப்விர்ட் குழுவில் இருந்தார்கள். இது இடப் பிரச்சினையைவிடப் பெரியது. அந்தக் குழுவில் இருப்பவர் ஹொஸ்டின் எந்த வட்டையும் ஒரு விஎம்மோடு இணைத்து உள்ளேயிருந்து திறந்து பார்க்கலாம். நடைமுறையில் அது ரூட் எனப்படும் முழு நிர்வாக உரிமைக்குச் சமம். இப்போது பாடநெறிக்கென்று ஒரே கணக்கு, தொகுதிக்கு ஒரே வேக்ரன்ட்ஃபைல். மாணவர் எண்களைச் சுழற்சியில் எடுத்து 36 விஎம்மையும் அதுவே வரையறுக்கிறது. குறிப்பு ஓரிடத்தில் இருக்கிறது. மாணவர்கள் எஸ்எஸ்எச் வழியாகத் தங்கள் விஎம்முக்குள் மட்டும் நுழைகிறார்கள்.

இதனால் ஓர் இழப்பும் உண்டு, அதை லேசாக எடுக்க முடியாது. விஎம்மைத் தானே உருவாக்கி உடைத்துப் பழகும் வாய்ப்பு மாணவருக்குப் போய்விட்டது. கொழும்பில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் அவசியம். ஆகவே பாடநெறியின் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவருக்கும் இரண்டுக்குப் பதிலாகச் சற்றுப் பெரிய ஒரே விஎம். சிபியு முறையை ஹொஸ்ட்-பாஸ்த்ரூ (ஹொஸ்டின் சிபியுவை அப்படியே காட்டுவது) என்று வைத்து, அதற்குள்ளேயே கேவிஎம்மும் வேக்ரன்ட்டும் நிறுவ விடுகிறோம். 4.20 கேர்னலிலிருந்து விஎம்முக்குள் விஎம் ஓட்டும் வசதி இயல்பாகவே திறந்திருக்கிறது. வேகம் குறைவு, கற்க அது போதும். உள்ளே எதைக் குழப்பினாலும் ஹொஸ்ட் பாதுகாப்பாக இருக்கும்.

வட்டுக்கு, வேக்ரன்ட்ஃபைலில் இரண்டு தெரிவுகள் சேர்ந்தன: பூச்சியங்களைக் கண்டறிந்து இடம் ஒதுக்காமல் விடுவது, விஎம் விட்ட இடத்தை ஹொஸ்டுக்குத் திருப்பிக் கொடுப்பது. ரெய்ட் வட்டுகள் 5 ஜிகாபைட்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தன. ரெய்டைப் புரிந்துகொள்ள ஒரு ஜிகாபைட் தாராளம். ஒத்திசைவும் சீக்கிரம் முடிகிறது. குளத்தின் நிரம்பல் 75 வீதத்தைத் தாண்டினால் பொறுப்பாளர்களுக்கு மின்னஞ்சல் போகிறது. தொகுதி முடிவில் முதலில் டெஸ்ட்ரோய், பிறகு ஹொஸ்டின் முழுப் பட்டியலோடு ஒப்பிடல், அதன் பிறகே கோப்புறை அழிப்பு. இந்த ஒப்பீட்டைச் செய்யும் சிறிய ஸ்கிரிப்ட் தினமும் காலையில் ஓடுகிறது. பிளகினின் குறிப்பில் இல்லாத, ஆனால் ஹொஸ்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் பெயரோடு எழுதும். தானாக எதையும் அழிக்காது. அழிப்பதை ஒரு மனிதர் பார்த்தே செய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சின்ன மாற்றங்கள் சில. லிப்விர்ட் பிளகின் எல்லா விஎம்களையும் ஒரே நேரத்தில் எழுப்ப முயலும். 36ஐயும் அப்படி எழுப்பினால் எஸ்எஸ்டி திணறுவதால் வரிசையாக எழுப்புகிறோம். பகிர்வுக் கோப்புறையை முற்றாக நிறுத்தினோம். பொக்ஸின் புதிய பதிப்பை ஒவ்வொரு முறையும் இணையத்தில் தேடுவதையும் நிறுத்தினோம். இங்கே இணைப்பு 4ஜி. டேட்டா வீணாகக் கூடாது. பொக்ஸை நாங்களே பக்கர் என்ற கருவியில் தயாரித்து ஹொஸ்டிலேயே வைத்திருக்கிறோம்.

மின்சாரத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்தோம். லக்சபானவும் நோட்டன் பிரிட்ஜின் விமலசுரேந்திர நீர்மின் நிலையமும் பக்கத்திலேயே இருந்தாலும், தென்மேற்குப் பருவக் காற்றில் மரம் முறிந்து வயரில் விழுந்தால் எங்களுக்கும் கரண்ட் இல்லை. யூபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் 36 விஎம்களும் முறையாக அணைய வேண்டும். ஹொஸ்ட் அணையும்போது விஎம்களை அணைக்கும் லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சேவை, மாற்றாமல் விட்டால், ஒவ்வொன்றாக, ஒன்று அணையும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடும். இணையாக அணைக்கும் எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்தியதும் பற்றரி தீருமுன் எல்லாம் அணைகின்றன.

இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் தெரிவு இப்போதைய தொகுதியின் விஎம்களில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பிளகின் அதை விஎம் உருவாகும்போதுதான் எழுதுகிறது. ஏற்கெனவே இருப்பவற்றின் லிப்விர்ட் வரையறையைக் கையால் திருத்தி, அணைத்து எழுப்ப வேண்டும். பாதியில் நிற்கும் பயிற்சிகளைக் கலைக்க விரும்பாததால் அதை விட்டுவைத்திருக்கிறோம். அடுத்த தொகுதியின் விஎம்கள் அந்தத் தெரிவோடு உருவாகும். அதுவரை இந்த 36 மேலடுக்குகளின் பருமனை வாரத்துக்கு ஒருமுறை குறித்து வைக்கிறோம்.